எல்லாக் காலத்திலும் சிறந்த குவார்ட்டர்பேக் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஃபுட்பாலைப் பார்க்கத் தொடங்கிய எவரும் சீக்கிரமே இந்த வாதத்துக்குள் இழுக்கப்படுவார்கள். நானும் பல ஆண்டுகளாக இதில்தான் இருக்கிறேன். நண்பர்களும் புதிதாக ஆட்டம் பார்க்க வந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

குவார்ட்டர்பேக் என்பவர் யார்? அவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு மதிப்பு?

களத்தில் ஒரு அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பும், நடுவில் குனிந்திருப்பவர் தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுப்பதில் தொடங்கும். அதை வாங்குபவர்தான் குவார்ட்டர்பேக். வாங்கிய பிறகு அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று விநாடி. அவரைத் தரையில் சாய்க்க மலை போன்ற ஆட்கள் நான்கைந்து பேர் பாய்ந்து வருவார்கள். அதற்குள் தன் ஆட்கள் ஓடும் பாதைகளைப் பார்க்க வேண்டும், எதிரணி எந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், எறிய வேண்டும். கிரிக்கெட்டில் கேப்டனே ஒவ்வொரு பந்தையும் ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அதுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். உங்கள் வரிசை என்ன?

முதலில் டாம் பிரேடி. இரண்டாவது ஜானி யுனைட்டஸ். மூன்றாவது ஜோ மொன்டானா. பிறகு பெய்டன் மேனிங், ஒட்டோ கிரஹாம், பேட்ரிக் மஹோம்ஸ், டான் மரினோ, ஜான் எல்வே, ஸ்டீவ் யங், ஏரன் ராட்ஜர்ஸ்.

முதல் மூன்று இடங்களுக்காக நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதாடுவேன். ஏழாவது இடத்துக்குக் கீழே யாரை மேலே ஏற்றினாலும், இறக்கினாலும் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை.

எதை அளவுகோலாக வைத்தீர்கள்?

ஒருவர் தான் ஆடிய காலத்தின் மற்ற குவார்ட்டர்பேக்குகளைவிட எவ்வளவு உயரத்தில் நின்றார், அணியின் வெற்றியில் எவ்வளவு பங்கு உண்மையிலேயே அவர் கையில் இருந்தது என்ற இரண்டையும்தான் பார்த்தேன். கோப்பைகளையும் மொத்த யார்டுகளையும் பார்க்காமல் இல்லை. ஆனால் அவை இந்த இரண்டுக்கும் சாட்சி சொல்ல வருபவை மட்டுமே.

கோப்பைகளை எண்ணினால் போதாதா?

எண்ணிப் பாருங்கள். பிரேடிக்கு 7 சூப்பர் பவுல் வெற்றி. பருவத்தின் இறுதி ஆட்டமான இந்தச் சூப்பர் பவுல் 1967 ஜனவரியில்தான் தொடங்கியது. அதற்கு முன்பு ஆடிய ஒட்டோ கிரஹாமுக்கும் 7 பட்டங்கள் உண்டு. கிரீன் பே பேக்கர்ஸின் பார்ட் ஸ்டாருக்கு 5. மொன்டானாவுக்கும் டெர்ரி பிராட்ஷாவுக்கும் தலா 4. மரினோவுக்கு ஒன்றுகூட இல்லை. இந்தக் கணக்குப்படி, 2000 பருவத்தில் பால்டிமோர் ரேவன்ஸின் அசாத்தியமான தடுப்பாட்டத்தின் தயவில் கோப்பை வாங்கிய டிரென்ட் டில்ஃபர், மரினோவுக்கு மேலே வந்துவிடுவார். இருவரின் ஆட்டத்தையும் பார்த்த யாரும் அதை ஏற்கமாட்டார்கள்.

பிரேடியின் முதல் கோப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002 பிப்ரவரியில் ராம்ஸுக்கு எதிரான அந்த இறுதி ஆட்டத்தில் அவர் எறிந்து எடுத்தது மொத்தமே 145 யார்டு. ராம்ஸைக் கட்டிப்போட்டது பிரேடியின் அணியான பேட்ரியட்ஸின் தடுப்பாட்டம். கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துப் புள்ளி எடுத்து, கடைசி உதையில் வெற்றியை முடித்தது ஆடம் வினாட்டியேரி. ஆனால் ஆட்டம் சமநிலையில் நிற்க, ஒன்றரை நிமிடம்கூட மிச்சமில்லாதபோது, கூடுதல் நேரத்துக்குப் போகலாம் என்று ஒதுங்காமல் சின்னச் சின்ன எறிதல்களால் அணியை அந்த உதைக்கான தூரத்துக்குக் கொண்டுவந்தது 24 வயதுப் பிரேடி. கோப்பைக் கணக்கில் இந்த இரண்டு பாதியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் வேலை.

யார்டு, டச்டவுன் கணக்குகளை ஏன் நேரடியாக ஒப்பிடக் கூடாது?

ஆட்டமே மாறிவிட்டது என்பதால். (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பதுதான் டச்டவுன்.) யுனைட்டஸ் தொடங்கிய காலத்தில் பருவத்துக்கு 12 ஆட்டம். 1961-ல் 14 ஆனது, 1978-ல் 16, 2021-லிருந்து 17. ஆட்டங்களின் எண்ணிக்கையைவிடப் பெரிய மாற்றம் விதிகளில் நடந்தது. 1978-க்கு முன் பந்தைப் பிடிக்க ஓடுபவரைத் தடுப்பாட்டக்காரர் களம் நெடுக இடித்துக்கொண்டே போகலாம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மெல் பிளவுன்ட் இதில் அவ்வளவு கைதேர்ந்தவர் என்பதால் அந்த ஆண்டு வந்த புது விதிக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் 5 யார்டைத் தாண்டி இடிக்கக் கூடாது என்றானது. அதே ஆண்டு, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்காரர்கள் கையை நீட்டித் தடுக்கலாம் என்றும் அனுமதி வந்தது. எறிபவருக்குக் கூடுதல் நேரம், பிடிப்பவருக்குக் கூடுதல் இடம்.

2004-ல் அந்த இடிக்கும் விதியைக் கறாராக நடைமுறைப்படுத்தினார்கள். 2008-ன் முதல் ஆட்டத்திலேயே பிரேடியின் முழங்கால் தசைநார் கிழிந்து அந்தப் பருவமே போனதும், குவார்ட்டர்பேக்கின் காலைக் குறிவைத்துப் பாய்வதற்கான தடை இறுகியது. இப்படி ஒவ்வொரு முறையும் எறிபவருக்கே சாதகம்.

ஒரே ஒரு எண் போதும். குவார்ட்டர்பேக்கின் திறனை 158.3 என்ற உச்சத்துக்குள் அளக்கும் 'பாஸர் ரேட்டிங்' என்றொரு கணக்கு 1973-லிருந்து இருக்கிறது. எறிந்தவற்றில் எத்தனை பிடிபட்டன, ஒரு எறிதலுக்கு எத்தனை யார்டு, எத்தனை டச்டவுன், எத்தனை இன்டர்செப்ஷன் (எதிரணி இடைமறித்துப் பிடித்தவை) என்ற நான்கையும் கலந்து போடுவது. அதில் யுனைட்டஸின் வாழ்நாள் மதிப்பு 78.2. இன்று ஒருவர் பருவம் முழுக்க அந்த மதிப்பில் ஆடினால் வேலை போய்விடும். ஆனால் 1950-களிலும் 60-களிலும் எதிரணிகள் அவரைப் பார்த்துத்தான் பயந்தன. பழையவர்களை இன்றைய தராசில் போட்டு 'இவர் என்ன பெரிய ஆள்' என்று கேட்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் மரினோ. 1984-ல் அவர் 5,084 யார்டும் 48 டச்டவுனும் எறிந்தார். ஒரு பருவத்தில் 5,000 யார்டைத் தொட்ட முதல் ஆள் அவர். அதற்கு முன் ஒரு பருவத்தில் அதிகபட்ச டச்டவுன் 36. பழைய சாதனையில் மூன்றில் ஒரு பங்கை ஒரே தாவலில் கூடுதலாகச் சேர்த்தார். இன்று 40 டச்டவுன் எறிபவர்கள் அவ்வப்போது வருகிறார்கள். அன்று அது வேறு கிரகத்து ஆட்டம்.

பிரேடிக்கு ஏன் முதல் இடம்?

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2000-ம் ஆண்டு, ஆறாவது சுற்றில் 199-வது ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டிருந்தார்கள். வேகம் இல்லை, உடற்கட்டு இல்லை என்றார்கள். அடுத்த ஆண்டு அணியின் அப்போதைய குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்சோ காயம்பட்டு வெளியே போக, உள்ளே வந்தார். 23 பருவம், 10 சூப்பர் பவுல் ஆட்டம், 89,214 யார்டு, 649 டச்டவுன்.

இந்த எண்களைவிட என்னை அசைப்பது வேறு. முதல் மூன்று கோப்பைகளின்போது அவர் தவறு செய்யாமல் ஆட்டத்தை நடத்திச் செல்பவர். 2007-ல் பந்து பிடிப்பவரான ரேண்டி மாஸ் வந்ததும் 50 டச்டவுன் எறிந்து நீளமாக வீசும் ஆளாக மாறினார். அடுத்து ராப் கிரான்கவுஸ்கியையும் ஜூலியன் எடல்மனையும் வைத்துக்கொண்டு குறுகிய, வேகமான எறிதல்களுக்குத் திரும்பினார். மூன்று விதமான ஆட்டம், மூன்றிலும் உச்சம். அணியில் பிரேடியைத் தவிர எல்லாரும் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

2017 பிப்ரவரியில் அட்லான்டா ஃபால்கன்ஸுக்கு எதிரான சூப்பர் பவுலை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது காற்பகுதியில் 28-3 என்று பின்தங்கியிருந்தார்கள். நான் உட்பட, பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் ஆட்டம் முடிந்துவிட்டது. அவசரப்பட்டு நீளமாக வீசித் தோற்பதுதான் அந்த நிலையில் வழக்கம். பிரேடி அப்படி வீசவில்லை. ஏழு யார்டு, பத்து யார்டு, பன்னிரண்டு யார்டு என்று அடுக்கிக்கொண்டே போனார். 466 யார்டு. கூடுதல் நேரத்தில் 34-28. அப்போது வயது 39.

வயதைச் சொன்னால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 44 வயதில், 2021 பருவத்தில், 5,316 யார்டுடன் லீக்கிலேயே முதலிடம் பிடித்தார்.

அதெல்லாம் பயிற்சியாளர் பில் பெலிச்சிக்கின் மூளை அல்லவா?

இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. பிரேடி காயம்பட்ட 2008-ல் மாட் கேசல் என்ற மாற்று ஆட்டக்காரருடன் பேட்ரியட்ஸ் 11 வெற்றி, 5 தோல்வி கண்டது. பெலிச்சிக்கின் பங்குக்கு அதைவிட வலுவான சாட்சி கிடையாது.

ஆனால் 2020-ஐப் பாருங்கள். பிரேடி டாம்பா பே பக்கனியர்ஸுக்குப் போனார். முந்தைய ஆண்டு 7 வெற்றி, 9 தோல்வி பெற்றிருந்த அணி அது. போன முதல் ஆண்டே சூப்பர் பவுலில் மஹோம்ஸின் சீஃப்ஸை 31-9 என்று வீழ்த்தினார், 43 வயதில். அவர் விட்டுவந்த பேட்ரியட்ஸ் அதே ஆண்டு 7 வெற்றி, 9 தோல்வியோடு முடித்தது. ஒரு ஆள் இடம் மாறியதும் இரண்டு அணிகளின் நிலையும் தலைகீழாகிவிட்டது. என் சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

காற்று குறைந்த பந்து விவகாரம்?

2015 ஜனவரி ஆட்டம் ஒன்றில் பேட்ரியட்ஸின் பந்துகளில் காற்று குறைவாக இருந்ததென்று எழுந்த வழக்கில் பிரேடிக்கு 2016 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் தடை விதிக்கப்பட்டது. அது அவர் வரலாற்றில் இருக்கும் கறைதான், துடைத்துவிட நான் முயலவில்லை. ஆனால் அந்தத் தடை முடிந்து வந்த பருவத்தின் முடிவில்தான் மேலே சொன்ன அட்லான்டா ஆட்டம். அவர் திறமை பந்தின் காற்றில் இருக்கவில்லை.

யுனைட்டஸ் இரண்டாவதா? அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்களே குறைந்துவிட்டார்களே?

அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1955-ல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரை ஒன்பதாவது சுற்றில் எடுத்து, பருவம் தொடங்கும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கட்டட வேலை பார்த்துக்கொண்டே, புளூம்ஃபீல்ட் ராம்ஸ் என்ற உள்ளூர் அணிக்கு ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு ஆடினார். அடுத்த ஆண்டு பால்டிமோர் கோல்ட்ஸ் அழைத்தது. இரண்டே ஆண்டில் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் பட்டத்துக்கான ஆட்டத்தில் நின்றார்.

1958 டிசம்பர் 28. எதிரணியான ஜயன்ட்ஸ் 17-14 என்று முன்னிலை. இரண்டு நிமிடம்தான் மிச்சம், பந்து கோல்ட்ஸின் எல்லையிலிருந்து 14-வது யார்டில். யுனைட்டஸ் ரேமண்ட் பெர்ரிக்கு அடுத்தடுத்து மூன்று முறை எறிந்தார், 62 யார்டு. ஆட்டம் முடிய 7 விநாடி இருக்கும்போது உதைத்துச் சமன் செய்தார்கள். பட்டத்துக்கான ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது லீக் வரலாற்றில் அதுவே முதல் முறை. அதில் 80 யார்டை 13 முயற்சியில் கடந்தார்கள். எதிரணி எல்லை நெருங்கிய நிலையில், ஓர் உதை உதைத்தாலே பட்டம் கையில். யாரும் அந்த இடத்தில் பந்தை எறியமாட்டார்கள். இடைமறித்துப் பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு. யுனைட்டஸ் எறிந்தார், பக்கவாட்டில் ஜிம் மட்ஷெல்லருக்கு. அடுத்ததில் ஆலன் அமீச்சி உள்ளே நுழைந்தார். 23-17.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த முடிவுகள் அவருடையவை. இன்று பயிற்சியாளர் சொல்வது தலைக்கவசத்துக்குள் இருக்கும் ரேடியோ வழியாகக் குவார்ட்டர்பேக்கின் காதுக்கு வருகிறது. 1994-ல் வந்த வசதி அது. யுனைட்டஸ் காலத்தில் என்ன ஆடுவது என்று வட்டமாக நிற்கும் பத்துப் பேரிடம் சொல்வதும் அவர், ஆடுவதும் அவர். ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்தை நேரத்தோடு ஓடும் தனி ஆட்டமாக மாற்றிக் காட்டினார். பின்னால் மொன்டானாவும் பிரேடியும் நடந்த பாதை அது.

1956 முதல் 1960 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களில் குறைந்தது ஒரு டச்டவுன் எறிந்தார். எறிதலே அபாயம் என்று நினைத்த காலத்தில். அந்தச் சாதனையை 2012-ல் ட்ரூ பிரீஸ் தாண்டும்வரை யாராலும் தொட முடியவில்லை.

மொன்டானா நான்கு சூப்பர் பவுலில் நான்கும் வென்றவர். பிரேடி மூன்றில் தோற்றவர். மொன்டானா அல்லவா மேலே இருக்க வேண்டும்?

நான்கு ஆட்டம், 11 டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை. இதைவிடத் தூய்மையான கணக்கு இறுதி ஆட்டங்களில் கிடையாது. 1989 ஜனவரியில் சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு எதிராக 16-13 என்று பின்தங்கி, தன் எல்லையின் 8-வது யார்டிலிருந்து, மூன்று நிமிடச் சொச்சத்தில் 92 யார்டு கடந்து, 34 விநாடி இருக்கும்போது ஜான் டெய்லருக்கு எறிந்து முடித்தார். அந்தப் பயணம் தொடங்குமுன் பார்வையாளர் வரிசையில் நடிகர் ஜான் கேண்டி நிற்பதைச் சக வீரருக்குச் சுட்டிக்காட்டினார் என்று அணியினர் சொல்வார்கள். அந்த நிதானம்தான் மொன்டானா.

ஆனால் 'தோற்காதவர்' என்பதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. 1985, 1986, 1987 ஆகிய மூன்று பருவங்களிலும் அவர் அணி நாக்அவுட்டின் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. அதில் ஒன்று 49-3. இறுதி ஆட்டம் வரை வந்து தோற்பது, முதல் ஆட்டத்திலேயே தோற்பதைவிடக் கீழானது என்றால் அது விசித்திரமான கணக்கு. பயிற்சியாளர் பில் வால்ஷ் வகுத்த குறுகிய எறிதல் முறை, பந்து பிடிக்க ஜெர்ரி ரைஸ் போன்ற ஆள் இரண்டும் அவருக்கு வாய்த்தன. அவர் இடத்துக்கு வந்த ஸ்டீவ் யங் அதே அணியில் இரண்டு முறை எம்.வி.பி. (பருவத்தின் மிக மதிப்புமிக்க வீரர்) விருது வாங்கி, ஒரே சூப்பர் பவுலில் 6 டச்டவுன் எறிந்தார். மொன்டானாவின் பெருமை இதனால் குறையாது. மூன்றாவதாக வைத்ததற்கு அதுதான் காரணம் என்று மட்டும் சொல்கிறேன்.

மேனிங்குக்கு 5 எம்.வி.பி. இருந்தும் நான்காவதுதானா?

பந்து வரும் முன்பே ஆட்டத்தை வென்றவர் மேனிங். முன்வரிசைக்குப் பின்னால் நின்று கையை ஆட்டி, கூவி, எதிரணியின் திட்டத்தைப் படித்து, கடைசி நொடியில் ஆட்டத்தையே மாற்றுவார். கழுத்து அறுவை சிகிச்சையால் 2011 முழுக்க ஆடாமல் போனார். முந்தைய ஆண்டு 10 ஆட்டம் வென்ற இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ், அவரில்லாமல் 2 மட்டும் வென்றது. ஒரே ஆளின் பங்கை அளக்க இதைவிடத் தெளிவான பரிசோதனை கிடையாது. பிறகு டென்வருக்குப் போய், எறியும் வலு குறைந்த கையோடு, 2013-ல் 5,477 யார்டு, 55 டச்டவுன். இரண்டு கோப்பை. நாக்அவுட் ஆட்டங்களில் 14 வெற்றி, 13 தோல்வி என்பதுதான் அவரைக் கீழே இழுக்கிறது.

ஒட்டோ கிரஹாம் யார்? இந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

கிளீவ்லாந்து பிரவுன்ஸில் 1946 முதல் 1955 வரை ஆடிய 10 பருவமும் பட்டத்துக்கான ஆட்டத்துக்குப் போனவர். அதில் முதல் நான்கு பட்டங்கள் இன்றைய லீக்கான என்.எஃப்.எல்.-க்குப் போட்டியாக இருந்த வேறொரு லீக்கில் வந்தவை என்று குறைசொல்வார்கள். அந்த லீக் கலைந்து பிரவுன்ஸ் 1950-ல் என்.எஃப்.எல்.-க்குள் வந்தது. முதல் ஆட்டமே நடப்பு சாம்பியன் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுடன். 35-10 என்று வென்று, அந்த ஆண்டுப் பட்டத்தையும் எடுத்தார்கள். யுனைட்டஸுக்குக் கீழே வைத்ததற்கு ஒரே காரணம், பயிற்சியாளர் பால் பிரவுன் ஒவ்வொரு ஆட்டத்தையும் வீரர்களை மாற்றி மாற்றி அனுப்பி அவர்கள் மூலம் சொல்லியனுப்புவார். முடிவில் பாதி கிரஹாமின் கையில் இல்லை.

மஹோம்ஸ் பிரேடியைத் தாண்டுவாரா?

அணியின் முதன்மைக் குவார்ட்டர்பேக்காக ஆடிய முதல் ஏழு பருவத்திலும் தன் பிரிவின் இறுதிக்கு வந்தவர் அவர்; லீக்கின் இரு பிரிவுகளின் வெற்றியாளர்கள்தான் சூப்பர் பவுலில் மோதுவார்கள். அதில் ஐந்து சூப்பர் பவுல், மூன்று கோப்பை. யாரும் வாழ்க்கையை இப்படித் தொடங்கியதில்லை. உடல் விழுந்துகொண்டிருக்கும்போதுகூடக் கை மட்டும் தனியாக எறியும் அந்த வித்தை இதுவரை நான் பார்த்த எவரிடமும் இல்லை. ஆனால் பிரேடியின் பின்பாதி, 37 வயதுக்குப் பிறகு வந்த நான்கு கோப்பைகள், இன்னும் மஹோம்ஸின் முன்னால் கிடக்கிறது. இப்போதைக்கு ஆறாவது. அடுத்த முறை இதைத் திருத்தும்போது மேலே போகலாம்.

பழைய பட்டியல்களில் கறுப்பின குவார்ட்டர்பேக்குகள் ஏன் இல்லை?

ஆடவிடவில்லை. இந்த வரிசை எதையும் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். 1934 முதல் 1945 வரை லீக்கில் கறுப்பின வீரரே கிடையாது. பிறகு அனுமதித்தபோதும் குவார்ட்டர்பேக் இடம் மட்டும் எட்டவில்லை. வேறு இடத்துக்கு மாறச் சொன்னார்கள். 1968-ல் டென்வருக்காகக் களமிறங்கி நன்றாகவே ஆடிய மார்லின் பிரிஸ்கோவுக்கு அடுத்த ஆண்டு அந்த வாய்ப்பு தரப்படவில்லை; பந்து பிடிப்பவராக மாற நேர்ந்தது.

வாரன் மூன் 1978-ல் ரோஸ் பவுல் வென்ற கல்லூரி அணியை நடத்தியவர். ஒரு அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணிக்குத் தொடர்ந்து ஐந்து கோப்பை வாங்கிக்கொடுத்தபின், 1984-ல்தான் ஹூஸ்டன் அழைத்தது. அந்த ஆறு ஆண்டுகளும் என்.எஃப்.எல். கணக்கில் இல்லை. அவை இருந்திருந்தால் என் பத்துப் பேரில் ஒருவர் வெளியே போயிருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன்.

1988 ஜனவரியில் வாஷிங்டனின் டக் வில்லியம்ஸ், சூப்பர் பவுல் வென்ற முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் ஆனார். ஒரே காற்பகுதியில் 4 டச்டவுன். இரு பக்கமும் கறுப்பின குவார்ட்டர்பேக்குகள் நின்ற முதல் சூப்பர் பவுலுக்கு 2023 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது: மஹோம்ஸும் ஜேலன் ஹர்ட்ஸும்.

புதிதாகப் பார்ப்பவர் எங்கே தொடங்கலாம்?

2017-ன் அட்லான்டா ஆட்டத்தின் பின்பாதி. பிறகு 1989-ன் மொன்டானாவின் அந்த 92 யார்டு. நேரலைக்கு, பிப்ரவரியில் சூப்பர் பவுல் இந்திய நேரப்படி திங்கள் அதிகாலை 5 மணி வாக்கில் தொடங்கும். பார்க்கும்போது பந்தின் பின்னால் போகாதீர்கள். பந்தை வாங்கியதும் குவார்ட்டர்பேக்கின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, முதலில் பார்த்த ஆளை விட்டு இரண்டாவது ஆளுக்கு எப்போது போகிறார், அப்போது கால்கள் பதறுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். நாலைந்து ஆட்டத்துக்குள் உங்கள் வரிசையை நீங்களே போடத் தொடங்கிவிடுவீர்கள்.